கறுப்பின இளைஞர்கள் இனவெறியைப் பற்றி சோஷியல் மீடியாவில் பேசுவது: ஆய்வேட்டுக்கு எதைப் பார்ப்பது?

காட்பாடி கயல்:

எல்லாருக்கும் வணக்கம். வேலூரில் இதழியல் எம்.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறேன். அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த கறுப்பின இளைஞர்கள் இனவெறியைப் பற்றி சமூக ஊடகங்களில் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் ஆய்வேட்டுத் தலைப்பு. வழிகாட்டி சார், "ஹேஷ்டேகைப் பிடி, எண்ணு, அட்டவணை போடு, முடிஞ்சது" என்கிறார். எனக்கு மனசு ஒட்டவில்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023-லேயே எண்ணிவிட்டது, 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' (கறுப்பர் உயிரும் முக்கியம்) ஹேஷ்டேக் பத்து வருடத்தில் 4 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான ட்வீட்டுகளில் வந்திருக்கிறதாம். அவர்கள் எண்ணியதை நான் ஹாஸ்டல் வைஃபையில் உட்கார்ந்து திரும்ப எண்ணி யாருக்கு என்ன லாபம்?

படிக்கப் படிக்க வந்த சந்தேகம் வேறு. இவ்வளவு வலியான விஷயத்தில் இவ்வளவு கிண்டல் ஏன்? ஒருத்தர் கடையில் பின்னாலேயே செக்யூரிட்டி வந்ததை எழுதுகிறார், கீழே நூறு பேர் சிரிக்கிறார்கள். இதெல்லாம் யாரைப் பார்த்துப் பேசுவது, வெள்ளைக்காரர்களையா, தங்களுக்குள்ளா? டிக்டாக் நம் நாட்டில் 2020 ஜூனிலிருந்து இல்லை, அதை விட்டுவிட்டு எழுதினால் பாதி போய்விடாதா? இங்கே காட்பாடிப் பக்கம் படிக்கிற ஆப்பிரிக்க மாணவர்களைப் பேட்டி எடுத்துச் சேர்க்கலாமா? அப்புறம் வைவாவில் "நம்ம ஊர் சாதியோடு ஒப்பிட்டாயா" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர் டு குராய்டன்:

கயல், நான் ஆம்பூர்க்காரி, வேலூரில் நர்சிங் படித்துவிட்டு லண்டன் வந்தவள். குராய்டன் பக்கம் ஜமைக்கா வழி வந்த குடும்பங்கள் நிறைய. என்கூட வார்டில் வேலை செய்கிற அக்காவின் பெற்றோரும் அங்கிருந்து வந்தவர்கள்தான், அவருடைய பொண்ணு இங்கேயே பிறந்தவள்.

2021 ஜூலை 11, யூரோ கோப்பை இறுதி ஆட்டம், இங்கிலாந்தும் இத்தாலியும். அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு. பெனால்டி வரைக்கும் போச்சு. இங்கிலாந்து அணியின் கறுப்பின வீரர்கள் மூன்று பேர்: ராஷ்ஃபோர்டு அடித்தது கம்பத்தில் பட்டது, சான்சோ அடித்ததை கீப்பர் தடுத்துவிட்டார், கடைசியில் சாக்கா நடந்து வருகிறார், 19 வயசுப் பையன். பந்தை இன்னும் உதைக்கவே இல்லை. அந்தப் பொண்ணு தன் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் "இப்பவே போனை ஆஃப் பண்ணிடுங்க" என்று தட்டிவிட்டாள். எனக்குப் புரியவில்லை, தோற்றால் அழுவார்கள் என்று நினைத்தேன். சாக்கா அடித்ததும் போகவில்லை, இங்கிலாந்து தோற்றது. அரை மணி நேரத்தில் அந்த மூன்று பேர் இன்ஸ்டாகிராமிலும் குரங்கு எமோஜியாகக் கொட்டிக் கிடந்தது. அவளுக்கு அது முன்னாடியே தெரியும். சாக்காவே சில நாள் கழித்து எழுதினார், தனக்கு எந்த மாதிரி வெறுப்பு வரப்போகிறது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டதாகவும், அதைத் தடுக்க இந்தக் கம்பெனிகள் போதுமானது செய்யவில்லை என்றும்.

அந்த வாரம் அவள் எழுதியதில் இரண்டு குரல் இருந்தது. பொதுவில் போட்டது அழகான ஆங்கிலம், நிதானம், வகுப்பில் டீச்சர் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. குரூப்பில் எழுதியது அம்மா வீட்டு ஜமைக்கா பேச்சு கலந்தது, கோபம், கெட்ட வார்த்தை, நடுநடுவே வயிறு வலிக்கிற அளவுக்கு ஜோக். மூன்று பேரும் இனிமேல் இங்கிலீஷ்காரர் இல்லை, காலையிலிருந்து மறுபடியும் வெஸ்ட் இண்டீஸ், நைஜீரியா என்று ஒருத்தி போட்டிருந்தாள். ஜெயித்தால் நம்ம பையன், தோற்றால் வந்தேறி. இதை வெளியே போட்டால் பத்து பேர் "எல்லாரும் அப்படி இல்லை" என்று விளக்கம் கேட்டு வருவார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லியே ராத்திரி போய்விடும். உள்ளே யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம். சிரிப்பு ஏன் என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்த பதில் இதுதான் தங்கச்சி. நீ ஹேஷ்டேக் எண்ணினால் முதல் குரல் மட்டும்தான் கணக்கில் வரும்.

இன்னொன்று. திட்டினவன் எல்லாம் வெளிநாட்டுக்காரன், போலிக் கணக்கு என்று அப்போது ஒரு பேச்சு. ட்விட்டர் கம்பெனியே பின்னாடி பார்த்துச் சொன்னது, அதிகம் வந்தது பிரிட்டனிலிருந்துதான், பெரும்பாலும் ஆள் அடையாளம் தெரிந்த கணக்குகள்தான். பக்கத்துத் தெருக்காரன்தான்.

சிப்காட் பையன்:

ராணிப்பேட்டைதான் நம்ம ஊர், வேலை சென்னையில், ஒரு வெளிநாட்டு கம்பெனிக்காகப் புகார் வந்த பதிவுகளைப் பார்த்துத் தூக்குவதா விடுவதா என்று முடிவு பண்ணுகிற வேலை. பெயர் வேண்டாம்.

சிஸ்டர், அக்கா சொன்ன இரண்டு குரலோடு மூன்றாவதாக ஒரு ஆளும் கேட்டுக்கொண்டிருக்கிறான், அதை மறக்காதீங்க. மெஷின். இனவெறியைப் பற்றிப் புகார் சொல்கிற பதிவையே இனவெறிப் பதிவு என்று தூக்குவது இந்தத் தொழிலில் தினசரி. 2017-ல் புரோபப்ளிகா என்கிற அமெரிக்கச் செய்தி நிறுவனம் பேஸ்புக்கின் உள் பயிற்சிப் படங்களை வெளியே விட்டது. அதில் ஒரு கேள்வி: பெண் டிரைவர்கள், கறுப்பினக் குழந்தைகள், வெள்ளை ஆண்கள், இதில் யாருக்குப் பாதுகாப்பு? சரியான விடை வெள்ளை ஆண்கள். ஏனென்றால் நிறமும் பாலினமும் அப்போதைய விதிப்படி காக்கப்பட்டவை, வயசும் தொழிலும் இல்லை, இரண்டும் சேர்ந்தால் காப்பு போய்விடும். விதி எழுதினவன் ரொம்ப நடுநிலையாகத்தான் எழுதியிருப்பான்.

2019-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆட்கள் வெறுப்புப் பேச்சைக் கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர் மாடல்களைச் சோதித்தார்கள். அமெரிக்கக் கறுப்பர்கள் எழுதிய ட்வீட்டுகளை அவை 1.5 மடங்கு அதிகமாக 'புண்படுத்துவது' என்று குறி வைத்தன. வீட்டில் பேசுகிற மாதிரி எழுதினாலே தப்பு. அதனால் பசங்க வெள்ளையர் என்கிற சொல்லையே உடைத்து, எழுத்தை மாற்றி, எண் போட்டு, எமோஜி வைத்து எழுதுவார்கள். தேடல் பெட்டியில் நீங்க சரியான ஸ்பெல்லிங் போட்டால் அது ஒன்றும் மாட்டாது. ஹேஷ்டேக்கையே அவர்கள் கையிலிருந்து பிடுங்கினதும் உண்டு. 2020 ஜூன் 2, எல்லாரும் ஆதரவு காட்டுகிறோம் என்று கறுப்புச் சதுரம் போட்டார்களே, அதற்கு அதே 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' டேக்கைப் போட்டுவிட்டார்கள். ஊர்வலம் எங்கே, கைதானவர்களுக்கு வக்கீல் யார், எந்தத் தெருவில் கண்ணீர்ப்புகை என்று பார்க்க அந்த டேக்கைத் திறந்தவனுக்குப் பக்கம் பக்கமாக வெறும் கறுப்பு. உங்க சார் சொல்கிற எண்ணிக்கையில் இந்தச் சதுரங்களும் சேர்ந்துதான் கணக்காகும்.

ஆய்வுக்குப் பதிவுகள் கிடைக்கிறதும் கஷ்டம். ட்விட்டரில் பதிவுகளை மொத்தமாக எடுக்கிற இலவச ஆய்வு வாசலை 2023-ல் மூடிவிட்டார்கள், பேஸ்புக்கில் பதிவுகளைத் தேடிப் பார்க்கிற கிரவுட்டேங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். டிக்டாக் இல்லாததைப் பற்றிக் கவலைப்படாதீங்க, அதில் ஓடுவது நிறைய இன்ஸ்டாகிராம் ரீல்ஸாக வந்து சேர்கிறது, ஆனால் கீழே இருக்கிற கமெண்ட் வராது. அதை ஆய்வேட்டில் குறையாகவே எழுதிவிடுங்க.

குடியாத்தம் வாத்தியார்:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் காலத்தில் நோட்டீஸ் அடித்தோம், கைத்தறித் தெருவெல்லாம் நடந்து கொடுத்தோம், போலீஸ் ஸ்டேஷனில் ராத்திரி உட்கார்ந்தோம். இப்போது படுத்துக்கொண்டே கட்டைவிரலால் புரட்சி. கோடிக்கணக்கில் எழுதினார்களே பாப்பா, அதனால் இன்னா மாறிச்சு? அந்த நாட்டில் போலீஸ் சுடுவது நின்றுவிட்டதா? ஆய்வேட்டில் அதைக் கேள். புலம்பலுக்குப் புள்ளிவிவரம் எதற்கு?

கோட்டை அகழி:

வாத்தியார் ஐயா, சுடுவது நிற்கவில்லை. அதை ஒத்துக்கொண்டே எழுதுகிறேன்.

2020 மே 25, அமெரிக்காவில் மினியாபோலிஸ். ஜார்ஜ் ஃபிளாய்டு என்கிற கறுப்பர் போலீஸ் பிடியில் இறந்ததும் அந்த ஊர் போலீஸ் முதலில் விட்ட அறிக்கையின் தலைப்பு, போலீஸ் நடவடிக்கையின்போது ஒருவர் மருத்துவப் பிரச்சினையால் இறந்தார் என்பது. போலீஸ்காரர் அவர் கழுத்தில் முட்டி வைத்து அழுத்தியதைப் பற்றி அதில் ஒரு எழுத்து கிடையாது. ஒன்பது வயசு உறவுக்காரப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போன டார்னெல்லா ஃப்ரேசியர் என்கிற 17 வயசுப் பெண் போனில் எடுத்து, பேஸ்புக்கில் போட்ட பிறகுதான் அந்த அறிக்கை பொய் என்று ஊருக்குத் தெரிந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் அந்த போலீஸ்காரர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, பத்திரிகைத் துறைக்கான புலிட்சர் விருதுக் குழு அந்தப் பெண்ணுக்குத் தனிப் பாராட்டு கொடுத்தது.

நம்ம பக்கமே எடுத்துக்கோங்க. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், அப்போது அது வேலூர் மாவட்டம், சுடுகாட்டுக்குப் போகிற வழியை மறித்ததால் தலித் ஒருவரின் உடலைக் கயிறு கட்டிப் பாலத்து மேலிருந்து கீழே இறக்கினார்கள். பாடை கயிற்றில் ஆடிக்கொண்டு இறங்குகிறது, கீழே நான்கு பேர் கை நீட்டி நிற்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் போனில் எடுத்தார்கள். வீடியோ பரவினதும் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னாடி எத்தனை மனு போயிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், நோட்டீஸ் அடித்த காலத்து ஆள் நீங்கள், உங்களுக்குத்தான் அது நல்லாத் தெரியும்.

கட்டைவிரல் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நெதர்லாந்தில் டிசம்பர் 5-ஐ ஒட்டி, குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருகிற சின்டர்கிளாஸ் தாத்தாவின் விழா. அவருடைய வேலைக்காரன் 'கறுப்பு பீட்' என்று வெள்ளைக்காரர்கள் முகத்தில் கறுப்பு மை பூசி, உதட்டில் சிவப்பு தீட்டி, சுருட்டைமுடி விக் வைத்து ஊர்வலம் போவார்கள். கரீபியத் தீவான குராசாவில் பிறந்த குவின்ஸி காரியோவும் கானாவில் பிறந்த ஜெர்ரி அஃப்ரியேவும் 2011-ல் டோர்ட்ரெக்ட் ஊரில் 'கறுப்பு பீட் என்பது இனவெறி' என்று சட்டை போட்டுக்கொண்டு சும்மா நின்றார்கள், போலீஸ் தரையில் தள்ளிக் கைது செய்தது. அந்தக் காட்சி இணையத்தில் போச்சு. அதற்கப்புறம் ஒவ்வொரு நவம்பரும் சண்டைதான், ஊர்வலத்திலும் சண்டை, கமெண்டிலும் சண்டை, "குழந்தைகள் விழாவைக் கெடுக்காதே" என்று ஒரு கூட்டம். 2020-ல் பிரதமர் மார்க் ருட்டே தன் கருத்து மாறிவிட்டது என்றார், பேஸ்புக் அந்த மை பூசின படங்களுக்குத் தடை போட்டது. ஒன்பது வருடம். தெருவில் நின்றதும் போனில் எழுதினதும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது ஐயா.

கயல், யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்ற உன் கேள்விதான் முக்கியம், அதை விடாதே. 2014-ல் அமெரிக்காவின் ஃபெர்குசன் ஊரில் மைக்கேல் பிரௌன் என்கிற கறுப்பின இளைஞர் போலீஸால் சுடப்பட்டபோது, பத்திரிகைகள் அவரை ரவுடி மாதிரி காட்டுகிற படத்தைத் தேடிப் போட்டன என்ற கோபத்தில் பிள்ளைகள் 'என்னைச் சுட்டிருந்தால் எந்தப் படத்தைப் போடுவீர்கள்' என்ற டேக்கில் தங்கள் படம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். ஒன்று பட்டமளிப்பு அங்கி, இன்னொன்று பார்ட்டியில் கோணல் தொப்பி. இது நேராகப் பத்திரிகை ஆசிரியரைப் பார்த்துப் பேசினது. லண்டன் அக்கா சொன்ன குரூப் யாரையும் பார்த்துப் பேசவில்லை. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் என்ன தெரியும்?

சாதி ஒப்பீட்டை நீ கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அம்பேத்கர் 1946-லேயே அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், 1972-ல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் இயக்கத்துக்குப் பெயரை வைத்ததே அமெரிக்கக் கறுப்பர்களின் பிளாக் பேந்தர்ஸ் இயக்கத்தைப் பார்த்துத்தான். ஒரு அத்தியாயம் போதும். ஆனால் ஒன்று, அங்கே முகத்தைப் பார்த்ததும் திட்டுகிறான், இங்கே ஊர், தெரு, அப்பா பெயர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் விலகுகிறான். அதனால் நம்ம பிள்ளைகள் ஆன்லைனில் முதலில் மறைப்பது ஊர்ப் பெயரை. அவர்களுக்கு மறைக்கிற வசதியே இல்லை.

வாலாஜா வாசகி:

ஒரு சின்ன ஆட்சேபம். 'கறுப்பின இளைஞர்' என்று எல்லாரும் ஒரே மூட்டையாகப் பேசுகிறீர்கள். அவர்களுக்குள்ளேயே அடிதடி நடக்கிறது, 'டயஸ்போரா போர்' (வெவ்வேறு நாடுகளில் பரவி வாழ்கிற கறுப்பர்களின் சண்டை) என்றே அதற்குப் பெயர். நைஜீரியாவா கானாவா, யாருடைய ஜொல்லோஃப் சோறு நல்லா இருக்கும் என்பதில் ஆரம்பித்து, (ஆம்பூரா ஆற்காடா என்று நம்ம பிரியாணிச் சண்டை மாதிரி,) யாருக்கு இனவெறியைப் பற்றிப் பேச அதிக உரிமை என்பது வரை. அமெரிக்காவில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சத்தினர் 'ஏ.டி.ஓ.எஸ்.' என்று தனி டேக் வைத்து, அடிமைத்தனத்துக்கு இழப்பீடு வந்தால் எங்களுக்குத்தான், நேற்று ஆப்பிரிக்காவிலிருந்து விமானத்தில் வந்தவர்களுக்கு இல்லை என்கிறார்கள். 2017-ல் அமெரிக்கக் கறுப்பின நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன், அமெரிக்கக் கறுப்பர் வேடத்துக்குப் பிரிட்டிஷ் நடிகர் எதற்கு, அந்த வலி அவருக்கு எப்படித் தெரியும் என்ற பொருளில் ஒரு பேட்டியில் கேட்டார். அவர் சொன்னது உகாண்டா பெற்றோருக்கு லண்டனில் பிறந்த டேனியல் கலூயாவைப் பற்றி. இரண்டு கரையிலும் பிள்ளைகள் பாய்ந்தார்கள். லண்டன் பிள்ளைகள் "எங்களை மட்டும் இங்கே மாலை போட்டா வரவேற்கிறார்கள்" என்று கேட்டதில் தப்பில்லை என்பது என் கட்சி.

இந்தச் சண்டையைப் படி கயல். வெளியாருக்குக் காட்டுகிற ஒற்றுமையை விட இதில்தான் அவர்கள் மனசு நிஜமாகத் தெரியும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் நம்ம வட ஆற்காடு ஜில்லா பெயர் எத்தனையோ இடத்தில் இருக்கிறது. அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளையையும் நேற்று ஐ.டி. வேலைக்குப் போன காட்பாடிப் பையனையும் 'தமிழ் இளைஞர்' என்று ஒன்றாகக் கட்டினால் இரண்டு பேரும் முறைப்பார்கள்.

காட்பாடி கயல்:

அக்கா, அண்ணா, ஐயா, எல்லாருக்கும் நன்றி. டயஸ்போரா போர் எனக்குத் தெரியவே தெரியாது. இங்கே இருக்கிற ஆப்பிரிக்க மாணவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பழைய காட்பாடி ஜாவித்:

நான் சொல்றேன். எங்கள் மாடி வீட்டில் சூடானிலிருந்து வந்த பையன் ஒருத்தன் வாடகைக்கு இருக்கிறான். அதற்கு முன்னால் பல வீட்டில் "வெஜிடேரியன் மட்டும்" என்றார்களாம், நான்வெஜ் வாசனை தூக்குகிற வீட்டில்கூட. ஒரு நாள் ஜூஸ் கடையில் நிற்கிறோம், பக்கத்தில் இருந்த காலேஜ் பசங்க செல்ஃபி கேட்டார்கள், சரி என்றான், ஒருத்தன் படம் எடுக்கிற சாக்கில் அவன் முடியைத் தொட்டு அமுக்கிப் பார்த்தான், பஞ்சு மாதிரி இருக்குடா என்று சத்தமாகச் சொல்லிவிட்டு. இவன் சிரித்தான். ராத்திரி இன்ஸ்டாவில் ஸ்டோரி போட்டிருந்தான், பச்சை வட்டம், அதாவது நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும். அரபியில் இரண்டு வரி, கீழே ஜூஸ் டம்ளர் படம். எனக்கு அரபி படிக்க வரும் என்பதால் பார்த்தேன், அதை இங்கே எழுத மாட்டேன். பொதுப் பக்கத்தில் அதே நாளில் அவன் போட்டது வேலூர்க் கோட்டைப் படம், "அழகான ஊர்" என்று.

அதனால் பேட்டி என்று மைக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீங்க. விசா, அட்டெண்டன்ஸ், வீட்டு ஓனர் எல்லாம் தலைமேல் தொங்குகிறது. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டா மாலில் நைஜீரிய மாணவர்களை அடித்த வீடியோ வந்த பிறகு, எதைப் போட்டால் என்ன ஆகும் என்ற பயம் இந்த நாட்டில் படிக்கிற எல்லாருக்கும் உண்டு. இன்னொன்று, அவன் உங்க தலைப்புக்குள்ளேயே வர மாட்டான். அவன் ஊரில் அவன் யாரோ ஒரு டாக்டர் மகன். 'கறுப்பன்' ஆனது இங்கே வந்து இறங்கின பிறகுதான். குராய்டன் பொண்ணுக்கு அது பிறந்ததிலிருந்தே.

குடியாத்தம் வாத்தியார்:

அகழித் தம்பி சொன்ன நாராயணபுரம் சமாச்சாரம் எனக்கும் தெரியும், அந்த வீடியோவை எனக்கு அனுப்பினதே என் பேத்திதான். சரி, வீடியோ பேசும். ஆனால் அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிற பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதையும் எழுதச் சொல்லு.

ஆம்பூர் டு குராய்டன்:

ஐயா கேட்டது நியாயம். இங்கே பிள்ளைகளே இப்போது "தயவு செய்து அந்த வீடியோவைப் பகிராதீங்க, பெயரை மட்டும் எழுதுங்க" என்று போடுகிறார்கள். அந்தப் பொண்ணு போனில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

காட்பாடி கயல்:

முடிவு பண்ணிவிட்டேன். ஹேஷ்டேக் எண்ணிக்கை ஒரு பக்கம் மட்டும், சார் மனசு குளிர. மீதியெல்லாம் அந்த யூரோ ராத்திரி: பொதுவில் கிடைக்கிற பதிவுகளும் அதற்குக் கீழே நடந்த பேச்சும், யார் யாரிடம் பேசுகிறார் என்று பிரித்து. டயஸ்போரா போருக்கு ஒரு அத்தியாயம். காட்பாடிப் பேட்டி வேண்டாம். பதிவுகளை அப்படியே மேற்கோள் காட்டலாமா? பொதுவில்தானே இருக்கிறது?

சிப்காட் பையன்:

பொதுவில் இருந்தாலும் பிரபலம் இல்லாதவங்களோடதை அப்படியே போடாதீங்க சிஸ்டர். ஒரு வரியை எடுத்து தேடல் பெட்டியில் போட்டால் ஆள் வந்துவிடுவான், அப்புறம் திட்டுகிற கூட்டமும் பின்னாலேயே வரும். கேட்டு அனுமதி வாங்குங்க, இல்லாவிட்டால் கருத்தை உங்க வார்த்தையில் தமிழில் எழுதுங்க. ஸ்க்ரீன்ஷாட் ஒட்டுவதென்றால் படத்தையும் பெயரையும் மங்கலாக்கினால் போதாது, கருப்புக் கட்டம் போட்டு மூடிவிட்டு, அந்த ஃபைலைப் படமாக மறுபடி சேமித்துத்தான் சார்கிட்ட கொடுக்கணும். வேர்டில் மேலே ஒட்டின கட்டத்தை யார் வேண்டுமானாலும் நகர்த்திவிடலாம்.